வரிப்புகலிடமா, வரிக்காப்பா?

பிரிட்டனின் ஐஎஸ்ஏ, கனடாவின் டிஎஃப்எஸ்ஏ ஆகிய, லாபத்துக்கு உள்நாட்டு வரி கேட்காத சேமிப்புக் கணக்குகள் வழியே வெளிநாட்டுப் பங்கு வாங்குவதைத் தமிழில் விளக்குகிறவர்கள் அவற்றை ‘வரிப்புகலிடக் கணக்கு’ என்கிறார்கள். கீழக்கரையிலோ தொண்டியிலோ இருக்கும் ஓர் அத்தாவின் காதில் இது விழுந்தால், லண்டனில் இருக்கும் மகன் ஏதோ கள்ளப் பணம் பதுக்குகிறான் என்றுதான் நினைப்பார். அப்படி நினைத்தால் குறை அவரிடம் இல்லை, சொல்லில்தான்.

ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ‘ஹேவன்’ என்றால் துறைமுகம். ‘ஷெல்டர்’ என்றால் மழை, காற்று, அடி படாமல் காக்கும் தடுப்பு. கேடய வரிசையைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். டாக்ஸ் ஹேவன் என்பது வரி குறைந்த அயல்நாடு, பணம் அங்கே போய்விடும். ஐஎஸ்ஏ போன்ற டாக்ஸ் ஷெல்டர் கணக்கில் பணம் சொந்த நாட்டுச் சட்டத்துக்குள், அரசின் கண்ணெதிரிலேயே இருக்கும். இரண்டையும் புகலிடம் என்று ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். ஹேவனை ஹெவன் என்று படித்து ‘வரிச் சொர்க்கம்’ ஆக்கியவர்களும் உண்டு. பிரெஞ்சுக்காரர்களும் சொர்க்கம் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் நம்மவர்கள் பிரெஞ்சு படித்துவிட்டா இதைச் செய்தார்கள்?

‘புகல்’ புகுதலிலிருந்து வந்தது. ஓரிடத்தை விட்டு ஓடிவந்து இன்னோரிடத்தில் நுழைகிறவருக்கே புகலிடம் வேண்டும். இந்த ராமநாதபுரக் கரையில் அந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. தனுஷ்கோடி மணல் திட்டில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களைப் பார்த்த ஊர் இது. ‘அகதிகள் முகாம்’ என்றிருந்த அந்த முகாம்களுக்கே 2021இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயரை மாற்றினார்கள், ‘அகதி’ என்ற சொல் உறுத்தியதால்தான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு உரிய சொல்லை, ஐஎஸ்ஏயின் ஆண்டு வரம்பான 20,000 பவுண்டைப் போட்டு ஆப்பிள் பங்கு வாங்குகிறவருக்குத் தூக்கிக் கொடுக்க எப்படி மனம் வருகிறது?

‘வரியொதுக்கு’ என்று வைக்கலாமா? பாம்பனில் வாடைக் காற்றுக்கு வடகடல் கொந்தளித்தால் தென்கடல் பக்கம் படகு கட்டுவார்கள், தென்மேற்குப் பருவத்தில் தலைகீழ். ஷெல்டரின் பொருள் அப்படியே அந்த ஒதுங்கலில் இருக்கிறது. ஆனால் ‘வரி ஒதுக்குக் கணக்கு’ என்று எழுதினால், வரி கட்டுவதற்கென்று ஒதுக்கி வைத்த பணம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். பட்ஜெட் செய்திகள் ‘ஒதுக்கீடு’, ‘ஒதுக்கீடு’ என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லைத் தமக்கென எடுத்துக்கொண்டுவிட்டன. அழகான சொல்தான், உதவாது.

‘வரிவிலக்குக் கணக்கு’ இன்னொரு குழப்பம். நம் ஊரில் வரிவிலக்கு என்றதும் பிபிஎஃப் நினைவுக்கு வரும், போடும் பணத்துக்கே கழிவு உண்டென்று எண்ணுவார்கள். ஐஎஸ்ஏயில் போடும் பணத்துக்கு வரிக் கழிவு ஏதும் கிடையாது. உள்ளே விளையும் ஈவுத்தொகைக்கும் விற்ற லாபத்துக்கும்தான் பிரிட்டன் வரி கேட்காது.

‘வரியில்லாக் கணக்கு’ என்பதோ நேர்ப் பொய். ஐஎஸ்ஏக்குள் இருக்கும் அமெரிக்கப் பங்கு 100 டாலர் ஈவுத்தொகை கொடுத்தால், அமெரிக்கர் அல்லாதவர் என்று காட்டும் டபிள்யூ-8பென் படிவத்தைத் தராதவருக்கு 30 டாலரை அமெரிக்கா பிடித்துக்கொள்ளும். படிவம் கொடுத்தால் 15. சாதாரணக் கணக்கில் அந்த 15ஐ பிரிட்டன் வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. ஐஎஸ்ஏயில் கழிக்க வரியே இல்லை, போனது போனதுதான். கனடாவின் டிஎஃப்எஸ்ஏயிலும் இதே 15. ஆனால் அங்கே ஓய்வூதியத்துக்கான ஆர்ஆர்எஸ்பியில் நேரடியாக அமெரிக்கப் பங்கு வைத்திருந்தால் பிடிப்பதில்லை. படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். 2025இல் போட்டது 2028 முடிவு வரை. புதுப்பிக்க மறந்தால் மறுபடி 30. (‘வித்ஹோல்டிங் டாக்ஸ்’ எனும் இந்தப் பிடித்தத்துக்கு ‘நிறுத்திவைப்பு வரி’ என்று ஒரு மொழிபெயர்ப்பு அலைகிறது. நிறுத்தி வைத்தது யாரை? சம்பளப் பிடித்தம் என்று ஊரே சொல்கிறதே, அது காதில் விழவில்லையா?)

ஆக, ‘வரிக்காப்புக் கணக்கு’. காப்பீட்டோடு குழம்பாதா என்பார்கள். காப்பீட்டில் ‘ஈடு’ இருக்கிறது, நட்டம் வந்தால் ஈடு கிடைக்கும். காப்பில் அது இல்லை. பங்கு பாதியாக விழுந்தால் இந்தக் கணக்கு ஒரு பென்னிகூடத் திருப்பித் தராது. சாதாரணக் கணக்கிலாவது நட்டத்தை இன்னொரு லாபத்தில் கழிக்கலாம், இதற்குள் அதுவும் முடியாது. வரியிலிருந்து மட்டும் காப்பு, அதுவும் ஒரு நாட்டின் வரியிலிருந்து மட்டும்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. அம்மன் கோயிலில் காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஐஎஸ்ஏயும் அப்படித்தான். ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை ஓர் ஆண்டு, வரம்பில் மிச்சம் விட்டதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. பிரிட்டனில் குடியிருப்பு நீங்கினால் பழைய பணத்தை உள்ளே விட்டுவைக்கலாம், புதிதாகப் போட முடியாது. ராமநாதபுரம் திரும்பி இங்கே முழுக் குடியிருப்பாளர் என்ற நிலை வந்துவிட்டால் இந்திய வருமான வரிக்கு அந்தக் காப்பு தெரியவே தெரியாது. ஈவுத்தொகைக்கு அவரவர் வரி விகிதம், 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். டபிள்யூ-8பென்னையும் இந்திய முகவரியில் புதிதாகத் தர வேண்டும், அமெரிக்கப் பிடித்தம் 15 போய் 25 ஆகும். வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கை எண்ணோடு எழுதியாக வேண்டும். அந்த அட்டவணையை நிரப்ப உட்காரும் ஆடிட்டரிடம் போய், “எனக்கு ஒரு வரிப்புகலிடம் இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள்.