ரைஃபிள் தாங்கிக்கு எந்த மெத்தை போடுவது?

குறிபார்த்துச் சுடும்போது துப்பாக்கியை ஆடாமல் வைத்துக்கொள்ள உதவும் ரைஃபிள் தாங்கியை வீட்டிலேயே செய்பவர்கள் மரவேலையை ரொம்பக் கவனமாகச் செய்கிறார்கள். சட்டத்தின் கோணம், திருகின் உயரம், அடிப்பலகையின் எடை எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறார்கள். கடைசியில் துப்பாக்கி உட்காரும் இடத்தில் மட்டும் கையில் கிடைத்த ஸ்பான்ஞ் துண்டை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். ஆனால் குண்டு எங்கே போய்ப் படும் என்பதில் மரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு அந்தத் துண்டுக்கும் உண்டு.

குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. 10 கிராம் குண்டு, 4 கிலோ துப்பாக்கி என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியின் எடை 400 மடங்கு அதிகம், அதனால் குண்டு நகரும் தூரத்தில் 400-இல் ஒரு பங்கு அது பின்னால் போகும். 60 செ.மீ. குழலுக்கு இது 1.5 மி.மீ. வருகிறது. வெடிமருந்து வாயுவின் எடையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இவ்வளவும் ஓரிரு மில்லிசெகண்டுக்குள் நடக்கிறது. அந்த நேரத்தில் முன்கட்டை (குழலுக்கு அடியில் இருக்கும் கட்டைப் பகுதி) மெத்தையின் மேல் தேய்ந்துகொண்டே பின்னால் போகிறது, குழல்வாய் சற்று மேலே எழும்பப் பார்க்கிறது. மெத்தை அப்போது எப்படி எதிர்க்கிறது, எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பது குண்டின் திசையிலேயே பதிந்துவிடும்.

அது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. முன் தாங்கிக்கும் பின் தாங்கிக்கும் இடையே 50 செ.மீ. இருந்து, குண்டு குழலுக்குள் இருக்கும்போதே முன்பக்கம் மட்டும் 0.1 மி.மீ. உயர்ந்தால் 100 மீட்டரில் குண்டு 2 செ.மீ. தள்ளிப் படும். 0.1 மி.மீ. என்பது ஒரு காகிதத்தின் தடிமன்தான்.

மெத்தையே இல்லாமல் வெறும் மரத்தில் வைத்தால் என்ன? கெட்டியான பரப்பில் முன்கட்டை அதிர்ந்து துள்ளும், குண்டு பெரும்பாலும் வழக்கத்தைவிட மேலே போய்ப் படும். எப்போதும் ஒரே அளவு மேலே போனால்கூடச் சமாளிக்கலாம், அப்படியும் போகாது. (குழலைத் தாங்கியில் படவிடவே கூடாது. முன்கட்டைதான் உட்கார வேண்டும்.)

சரி, அப்படியானால் மெத்தென்று இருப்பதுதான் நல்லதா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு நுரைத்துண்டை மெல்ல அழுத்தினால் முதலில் ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கும். அப்புறம் அதற்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் மடங்கத் தொடங்கும், அந்தக் கட்டத்தில் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்துக்கே நிறைய அமுங்கும். கடைசியில் சுவர்கள் ஒன்றோடொன்று மோதி, நுரை வெறும் பிளாஸ்டிக் தகடாகிவிடும். நமக்கு வேண்டியது நடுக்கட்டத்தின் தொடக்கம். கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டால் மெத்தை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

சோபா, கட்டில் நுரை இந்த வேலைக்கு ஆகாது என்பதற்குக் காரணமும் இதுதான். 4 கிலோ துப்பாக்கியில் பாதி எடை முன்பக்கம் வருகிறது, அதாவது சுமார் 20 நியூட்டன். அது 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. நீளம் உள்ள இடத்தில் உட்கார்ந்தால் அழுத்தம் 20 கிலோபாஸ்கல். இருக்கைக்குப் போடும் நுரையோ பொதுவாக 3 முதல் 5 கிலோபாஸ்கலிலேயே 40 சதவீதம் அமுங்கிவிடும். அதனால் சுடுவதற்கு முன்பே அது நசுங்கித் தகடாகியிருக்கும்.

இதைவிடக் கெட்டியான, மூடிய அறை நுரைதான் சரி. முக்குளிப்பவர்களின் உடைகளுக்குப் போடும் நியோப்ரீன், செருப்பு அடிப்பாகத்துக்கும் உடற்பயிற்சி விரிப்புக்கும் வரும் இவிஏ இரண்டும் இந்த வகை. ஒவ்வோர் அறையும் தனித்தனியாக மூடியிருப்பதால் உள்ளிருக்கும் காற்றும் எடையைத் தாங்குகிறது, தண்ணீரும் உள்ளே ஏறாது. தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது திறந்த அறை நுரை, மழையிலும் பனியிலும் அதன் குணமே மாறிவிடும்.

குண்டு இல்லை என்று உறுதிசெய்த துப்பாக்கியை மெத்தையில் வைத்துத் தடிமனை அளந்து பார்க்கலாம். 10 மி.மீ. தகடு 7 அல்லது 8 மி.மீ. ஆனால் நல்லது, 3 மி.மீ. ஆகிவிட்டால் வேறு தேடுங்கள். தடிமனைக் கூட்டி இதைச் சரிசெய்ய நினைப்பது நல்ல வழியல்ல. கெட்டியான மெல்லிய மெத்தையை நான் எப்போதும் விரும்புவேன். தடிமன் கூடினால் துப்பாக்கி பக்கவாட்டில் ஆடும், குறிவைக்கும்போதே அந்த ஆட்டம் கண்ணில் தெரியும்.

அடுத்தது, அமுங்கிய மெத்தை வாங்கிய ஆற்றலை என்ன செய்கிறது என்பது. மெத்தையைச் சிமெண்ட் தரையில் வைத்து, 50 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு இரும்புக் குண்டுமணியை அதன்மேல் போடுங்கள். 30 செ.மீ. எழும்பினால் 60 சதவீத ஆற்றலைத் திருப்பித் தருகிறது என்று அர்த்தம். 10 செ.மீ. மட்டும் எழும்பினால் மீதியை உள்ளேயே வெப்பமாக்கிவிட்டது. இரண்டாவதுதான் நமக்கு வேண்டும். நல்ல ரப்பர் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுவிடும், துள்ளுவது அதன் இயல்பு.

இந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்குவது மெமரி ஃபோம். 1966-இல் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று உருவாக்கப்பட்ட இந்த நுரை, மணியைக் கிட்டத்தட்ட அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனாலும் நான் இதை எடுக்கமாட்டேன். அமுங்கினால் மெதுவாகத்தான் எழும்பும், அதனால் முந்தைய குண்டு விட்ட பள்ளத்தில்தான் அடுத்த குண்டுக்குத் துப்பாக்கி உட்காரும். குளிரில் விறைத்து, வெயிலில் குழைந்துபோவது வேறு. காலையில் பார்த்துவைத்த குறி மதியத்தில் மாறிவிட்டால், துப்பாக்கியில் இல்லாத கோளாறைத் துப்பாக்கியில் தேடிக்கொண்டிருப்போம்.

மேற்பரப்பையும் கவனிக்க வேண்டும். துப்பாக்கி பின்னால் வழுக்கிப் போகும்போது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போக வேண்டும். பிடித்துப் பிடித்து விடும் பரப்பில் அது நடக்காது. ஒட்டிக்கொள்ளும் ரப்பரிலும் வெறும் நியோப்ரீனிலும் நகரத் தொடங்கவே நிறைய விசை வேண்டும், நகர்ந்ததும் எதிர்ப்பு சட்டென்று குறையும். அதனால் நுரைமேல் வழவழப்பான தோலோ கெட்டி நைலான் துணியோ இழுத்துப் போர்த்துவது நல்லது. தாங்கியின் வடிவமும் இதில் சேர்ந்துகொள்ளும். 90 பாகை வி வடிவப் பள்ளத்தில் துப்பாக்கி ஆப்பு மாதிரி இறங்குவதால், தட்டையான பரப்பைவிட உராய்வு 40 சதவீதம் கூடிவிடும். முன்கட்டையின் அடி தட்டையாக இருந்தால் தாங்கியையும் தட்டையாகவே வைத்து, இருபுறமும் லேசான அணை கொடுங்கள்.

மணல் நிரப்பிய தோல் பை இன்னும் வழக்கொழியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. மணல் துகள்கள் ஒன்றையொன்று உரசியே ஆற்றலைத் தீர்த்துவிடும், ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளாது. நன்றாக இறுக்கி நிரப்பினால் வடிவமும் கலையாது. உலர்ந்த மணலாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம், ஈரம் பட்டால் தோலும் கெடும், இரும்பும் துருப்பிடிக்கும்.

ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் தனி ஜாதி. அதில் பெல்லட் (அது சுடும் சிறு குண்டு) கிளம்பும் முன்பே பிஸ்டன் ஓடத் தொடங்கிவிடுவதால், பெல்லட் குழலில் இருக்கும்போதே துப்பாக்கி நிறைய ஆட்டம் போட்டுவிடும். கெட்டி மெத்தையில் வைத்தால் குறி சிதறும். மெத்தைக்கும் துப்பாக்கிக்கும் இடையே உள்ளங்கையை விரித்து வைத்து, இறுக்கிப் பிடிக்காமல் சுடுவதுதான் பலருக்கும் ஒத்துவருகிறது.

பொருள்களின் வேதியியலையும் மறந்துவிடக் கூடாது. மென்மையான பிவிசி தகட்டில் சேர்த்திருக்கும் எண்ணெய்போன்ற பொருள் மெல்லக் கசிந்து வார்னிஷை இளக்கிவிடும். சில ரப்பர்களும் இதையே செய்யும். துப்பாக்கியைத் தாங்கியிலேயே நாள்கணக்கில் விட்டுவைத்தால் முன்கட்டையில் அழியாத தடம் விழலாம், மெத்தையிலும் நிரந்தரப் பள்ளம் விழும். அதனால் சுட்டு முடித்ததும் எடுத்துவிடுங்கள். ஒட்டுவதற்குக் கான்டாக்ட் பசை எடுத்தால், முதலில் ஒரு வெட்டுத்துண்டில் தடவிப் பாருங்கள், சில பசைகளின் கரைப்பான் நுரையையே தின்றுவிடும். நுரையை நேரே மரத்தில் ஒட்டாமல் ஒரு மெல்லிய பிளைவுட் துண்டில் ஒட்டி, அந்தத் துண்டைத் திருகால் பொருத்தினால், இவிஏ அமுங்கி அயர்ந்ததும் தாங்கியைத் தொடாமல் மெத்தையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.