எல்இடி மாட்டியதும் இண்டிகேட்டர் ஏன் தறிகெட்டுச் சிமிட்டுகிறது? பிரேக் லைட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய பல்பைக் கழற்றி எல்இடி பல்பை மாட்டியதும் இண்டிகேட்டர் இரண்டு மடங்கு வேகத்தில் சிமிட்டுகிறது. உடனே பல்பு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பல்பில் பெரும்பாலும் குறை இருக்காது.

இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃப்ளாஷர் தன் வழியாக ஓடும் கரண்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும். பல கார்களில் ஒரு பக்கத்துக்கு முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், பக்கவாட்டில் 5 வாட். மொத்தம் 47 வாட், சுமார் 4 ஆம்பியர். ஒரு 21 வாட் பல்பு போய்விட்டால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகும். அதை ஓட்டுநருக்குச் சொல்லத்தான் வேகம் கூடுகிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்பது விதிப்படியான வேகம். எல்இடி பல்பு 0.2 ஆம்பியர் அளவே எடுப்பதால், பல்பு செத்துவிட்டது என்று ஃப்ளாஷர் முடிவுகட்டுகிறது. சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டையால் வேலை செய்யும் பழைய பைமெட்டல் ஃப்ளாஷர் என்றால் கதை வேறு: பட்டை சூடாகப் போதுமான கரண்ட் வராது, விளக்கு சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும்.

பைக், ஸ்கூட்டரில் தீர்வு எளிது. அங்கே ஒரு பக்கத்துக்கு 10 வாட் பல்பு இரண்டுதான். லோடு, அதாவது பல்புகள் எடுக்கும் கரண்ட், எவ்வளவு என்று பார்க்காமல் ஒரே வேகத்தில் ஓடும் எல்இடி ஃப்ளாஷராக மாற்றினால் போதும். மூன்று பின் ஃப்ளாஷர் வாங்கினால் மூன்றாவது பின்னுக்கு எர்த் கட்டாயம். பெயின்டைச் சுரண்டிய சேஸிஸ் போல்ட்டில் கொடுங்கள். எர்த் இல்லாவிட்டாலோ, பேட்டரி ஒயரும் பல்புக்குப் போகும் லோடு ஒயரும் இடம் மாறினாலோ சிமிட்டாது. புது ஃப்ளாஷரைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூன்று ஒயரையும் மல்டிமீட்டரில் பாருங்கள்.

அதற்குப் பிறகும் சில பைக்குகளில் ஒரு பக்கம் போட்டால் நான்கும் சிமிட்டும். இதில்தான் நிறையப் பேர் நாள்கணக்கில் ஒயரிங்கைக் கிளறுகிறார்கள். மீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே பல்பு இருக்கும் வண்டிகளில், அந்தப் பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே இணைந்திருக்கும். இடது பக்கம் போட்டால் கரண்ட் மீட்டர் பல்பைத் தாண்டி, வலது பக்க 10 வாட் பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். அந்தச் சின்னக் கரண்டில் 10 வாட் இழை கண்ணுக்குத் தெரியும்படி எரியாது. எல்இடிக்கோ அதுவே தாராளம். கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு வாங்குங்கள். மீட்டர் பல்புக்கு வரும் இடது, வலது ஒயர்கள் இரண்டையும் பல்பிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு டயோடைப் போடுங்கள். வெள்ளைக் கோடு உள்ள முனை பல்பைப் பார்த்திருக்க வேண்டும். அந்த இரு முனைகளையும் சேர்த்து பல்பின் ஒரு காலுக்கும், மறு காலை எர்த்துக்கும் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள், வெறும் டேப் மழையில் நிற்காது.

புதிய கார்களில் தனி ஃப்ளாஷரே இல்லை, அந்த வேலையை பிசிஎம் (பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற கன்ட்ரோல் பெட்டி) பார்க்கிறது. அதனால் பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்கும் லோட் ரெசிஸ்டர் போடுகிறார்கள். 21 வாட் பல்புக்கு ஈடாக 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர், பல்புக்கு இணையாக, பல்புக்கு ஒன்று. 13.8 வோல்ட்டில் அது எடுப்பது சுமார் 32 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் எவ்வளவு சுடும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரும்புத் தகட்டில் ஸ்குரூ போட்டு இறுக்க வேண்டும். ஒயர் கட்டோடு சேர்த்து டேப் சுற்றியதும், பம்பர் பிளாஸ்டிக்கில் ஒட்டியதும் உருகித்தான் வரும். இண்டிகேட்டராவது பாதி நேரம் அணைந்திருக்கிறது. பிரேக் லைட்டில் இதே ரெசிஸ்டரைப் போட்டால், சிக்னலில் பெடலை மிதித்திருக்கும் நேரம் முழுவதும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். 'கேன்பஸ்' என்று விற்கும் பல்பில் அந்த ரெசிஸ்டர் பல்புக்குள்ளேயே இருப்பதால் எல்இடியே வெந்து சீக்கிரம் மங்குகிறது. பிரேக் பல்பைக் கண்காணிக்கும் காரில் அசல் பல்பையே விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. விளக்குக்குக் கிடைத்த ஒப்புதலும் அந்தப் பல்பு வகைக்குத்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்இடிக்கு ஓர் உண்மையான நன்மை உண்டு. இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 விநாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவர் அதற்குள் 3 மீட்டருக்கு மேல் வந்துவிடுவார். எல்இடி உடனே எரியும். ஆனால் தெளிவாகத் தெரிந்தால்தானே பயன்? பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5 வாட் என இரண்டு இழை உள்ள 21/5 வாட் பல்பில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசம் பெரிது. மலிவான எல்இடியில் டெயிலே பளீரென்று எரிவதால், பிரேக் பிடித்தது பின்னால் வருபவருக்குத் தெரிவதில்லை. ஒரு பக்கம் பழைய பல்பும் மறுபக்கம் எல்இடியும் மாட்டி, பகல் வெளிச்சத்தில் 10 மீட்டர் தள்ளி நின்று, நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். நுனியில் மட்டும் சிப் உள்ள பல்பு நேரே புள்ளியாகத் தெரியும், ரிஃப்ளெக்டர் இருட்டாகவே இருக்கும். சுற்றிலும் சிப் உள்ளதே வேண்டும். சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்இடிதான். வெள்ளை எல்இடியில் சிவப்பு ஒளி குறைவு என்பதால் வெளிறிப் போகும்.

இன்னொரு சோதனை: எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு பிரேக்கை மட்டும் மிதியுங்கள். நம்பர் பிளேட் விளக்கோ மீட்டர் வெளிச்சமோ மங்கலாக எரிந்தால், பல்புக்குள் பிரேக் கரண்ட் டெயில் ஒயருக்குக் கசிகிறது. முதலில் எர்த்தைப் பாருங்கள்: பிரேக் எரியும்போது ஹோல்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் துருவைச் சுத்தம் செய்யுங்கள். எர்த் சரியாக இருந்தும் எரிந்தால் பல்பைத் திருப்பிக் கொடுங்கள்.

பழைய சில பைக்குகளில் டெயில் லைட் பேட்டரியில் ஓடாது, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் நேரடியாக ஓடும். அங்கே எல்இடி துடிக்கும், சீக்கிரம் போகும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பேட்டரியில் 15 வோல்ட்டைத் தாண்டினாலும் அதே கதிதான். ரெகுலேட்டரை மாற்றாமல் பல்பு மட்டும் மாற்றிப் பயனில்லை.

எல்இடி ஃப்ளாஷர் போட்ட பைக்கில் இனி ஒரு பல்பு போனாலும் வேகம் மாறாது. எச்சரிக்கை தந்த வழியை நாமே அடைத்துவிட்டோம். ஆகவே வாரம் ஒருமுறை, இரவில் ஒரு சுவரருகே வண்டியை நிறுத்தி நான்கு இண்டிகேட்டரையும் பாருங்கள். பிரேக்கைப் பெடலில் ஒரு தடவை, கை லீவரில் ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சுவிட்ச் தனித்தனி.