வீல் பேரிங்கை சுத்தியலால் அடித்து மாட்டக் கூடாது, ஏன்?

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரத்திலிருந்து ஒரு ரீங்காரம் வருகிறது. வேகம் கூடக்கூட அதுவும் கூடுகிறது. வண்டியை இடப்பக்கம் வளைத்தால் சத்தம் ஏறுகிறது, வலப்பக்கம் வளைத்தால் அடங்குகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலது பேரிங்கைத்தான். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் சாய்வதுதான் காரணம்.

இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கர பேரிங் என்பது உள்வளையம், வெளிவளையம், நடுவில் இரண்டு வரிசை எஃகு குண்டுகள். வெளிவளையம் நக்கிளில், அதாவது சஸ்பென்ஷனோடு சேர்ந்து சக்கரத்தைப் பிடித்திருக்கும் உலோகப் பாகத்தில், இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். சக்கரத்தைத் தாங்கும் ஹப், உள்வளையத்துக்குள் இறுக்கமாக நுழைந்திருக்கும். குண்டு வளையத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது. பாரம் ஏறும்போது அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்தாயிரம் மடங்கைத் தாண்டுவது சகஜம். உருளும்போது அதைத் தாங்குவதற்கென்றே பதப்படுத்தப்பட்ட எஃகு அது.

சுத்தியல் அடி வேறு கதை. 1900இல் சுவீடன் பொறியாளர் பிரினெல், உலோகத்தின் கடினத்தை அளக்க ஒரு முறையைக் கொண்டுவந்தார்: கடினமான குண்டை உலோகத்தின் மேல் அழுத்தி, விழும் பள்ளத்தை அளப்பது. புது பேரிங்கை அடித்து ஏற்றுகிறவர் தெரியாமலே அதே சோதனையைச் செய்கிறார். வளையத்தில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குழிகள் விழும். குண்டு ஒவ்வொரு குழியையும் கடக்கும்போது அதிர்வு, பிறகு எஃகு செதில் செதிலாகப் பெயரும். புது பேரிங் சில மாதங்களிலேயே ஊளையிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, மாட்டும்போது விசை குண்டுகள் வழியாகப் போகவே கூடாது. நக்கிளின் துளையைச் சுத்தம் செய்து, ப்ரெஸ்ஸில் (அழுத்தும் இயந்திரத்தில்) வைத்து, வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைக் கொஞ்சம் தேய்த்து இதற்கு வைத்துக்கொள்கிற மெக்கானிக்குகள் உண்டு, நல்ல யோசனை. அப்புறம் பேரிங் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையத்தைப் போட்டுவிட்டு ஹப்பை இறக்குவார்கள். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. நக்கிளை மட்டும் தாங்கவைத்து ஹப்பை அழுத்தினால், முழு விசையும் உள்வளையத்திலிருந்து குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். உள்வளையத்துக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்தால் போதும், பேரிங் பிழைக்கும்.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம், சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

கடைசியாக, இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தண்டின் முனையில் மாட்டும் டிரைவ் ஷாஃப்ட் நட். பல பேரிங்குகளில் உள்வளையம் இரண்டு பாதிகளாக இருக்கும், அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது இந்த நட்தான். புது நட் போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்குவிசையை அளந்து முறுக்கும் ஸ்பேனரால்) முறுக்கி முடிக்கும் வரை வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கக் கூடாது. நட் இறுகாமல் வண்டியைத் தள்ளி நகர்த்தினாலும் பாதிகள் விலகி, குண்டுகள் வளையத்தின் விளிம்பில் ஏறிவிடும்.