ஒரு சிலுப்பு, மூன்று மடங்கு வேகம்

வாசகி ஒருவர் இரண்டு நாய்களோடு இலையுதிர்காலப் பயணம் போய்வந்து கேள்வி அனுப்பியிருக்கிறார். பகலில் காரும் மலைப்பாதை நடையும், இரவில் கூடாரம். வழியில் எந்த ஓடையைக் கண்டாலும் இரண்டும் இறங்கிவிடுமாம். கரையேறியதும் பெரியது, லேப்ரடார், நின்று நிதானமாகச் சிலுப்பும். சின்னது, டாக்ஸ்ஹண்ட், மோட்டார் போட்டதுபோல் படபடவென்று அதிரும். "ஒரே ஓடை, ஒரே குளிர். ஏன் இரண்டும் ஒரே மாதிரி உதறுவதில்லை? ஈரத்தோடு கூடாரத்துக்குள் விடலாமா?"

முதலில் குளிர். நாயைக் கதகதப்பாக வைத்திருப்பது ரோமம் மட்டுமல்ல, ரோமங்களுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றும்தான். பகல் நேரம் குறையக் குறைய, இரட்டை ரோமம் உள்ள இனங்களுக்கு அடிரோமம் அடர்ந்து வளரும். குளிர்காலத்துக்கான அந்தத் தயாரிப்பையே தண்ணீர் கெடுத்துவிடுகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், வெப்பம் சுமார் 25 மடங்கு எளிதாக வெளியே கடந்துபோகும். அது ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். 27 கிலோ நாயின் ரோமத்தில் 450 மில்லி தண்ணீர் தங்கிவிட்டது என்று வையுங்கள். அதை உடம்புச் சூட்டாலேயே காயவைக்க ஏறக்குறைய 260 கிலோகலோரி வேண்டும். அந்த நாய் ஒரு நாளில் சாப்பிடுவதில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். மலையேறிக் களைத்த நாளில் அது பெரிய இழப்பு.

ஆனால் நாயிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் உயிரினங்களின் உடலமைப்பிலேயே மிக அழகான உத்திகளில் ஒன்று அது.

அடுத்த முறை உங்கள் நாய் கரையேறும்போது போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். நான் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கால்கள் நாலையும் அகட்டி ஊன்றிக்கொள்கிறது. கண்ணை இறுக மூடுகிறது. மூக்கு ஒரு பக்கம் திரும்புகிறது. காதுகள் ஒரு கணம் பிந்தி, மண்டையில் அறைந்துகொண்டு பின்தொடர்கின்றன. தலை மறுபக்கம் திரும்பும்போதுதான் தோள் முதல் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அங்கிருந்து விலா, இடுப்பு, கடைசியில் வால் நுனி என்று ஓர் அலை உடம்பின் வழியாக நடந்துபோகிறது.

விலா அருகே வீடியோவை நிறுத்துங்கள். முதுகெலும்பு ஒரு பக்கம் சுமார் 30 டிகிரிதான் திரும்பியிருக்கும். தோலோ 90 டிகிரி வரை போயிருக்கும். எலும்பு நின்று திரும்பத் தொடங்கிய பிறகும் தோல் போன வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. நாயின் பிடரியைப் பிடித்துத் தூக்கினால் ஒரு கைப்பிடித் தோல் வருகிறதே, அந்தத் தளர்ச்சிதான் காரணம். நம் முன்கைத் தோலை அப்படிப் பிடித்துப் பாருங்கள், அவ்வளவு வராது.

எலும்பு போகும் தூரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தைத் தோல் அதே நேரத்தில் கடக்கிறது. அதாவது மூன்று மடங்கு வேகம். வட்டப்பாதையில் சுழலும் பொருளின் முடுக்கம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வேகம் மூன்று மடங்கானால் முடுக்கம் ஒன்பது மடங்கு. தோல் கொஞ்சம் தளர்ந்திருப்பதால் கிடைக்கும் லாபம் இவ்வளவு!

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடம்பின் ஆரம் 12 செ.மீ., நொடிக்கு 4.5 அசைவு, இரு பக்கமும் 90 டிகிரி. உச்ச வேகத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 24 மடங்கு வருகிறது. ஈர ரோமத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. ரோமங்கள் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். சுழலும்போது அந்தக் கற்றைகள் வெளிப்பக்கம் விறைத்து நிற்கின்றன. தண்ணீர் கற்றையின் நுனிக்கு ஓடி, திரண்டு, இழுவிசை தாங்காமல் அறுந்து பறக்கிறது. நாலைந்து நொடிக்குள் ரோமத்து நீரில் 70% வரை போய்விடும்.

இப்போது டாக்ஸ்ஹண்டுக்கு வருவோம். அதன் உடம்பு ஒல்லி, ஆரம் குறைவு. ஆரம் குறைந்தால் அதே முடுக்கத்தைப் பெற இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சின்னது அவசரப்படவில்லை, அதன் உடம்புக்கு ஏற்ற வேகம் அது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் டேவிட் ஹூ, ஆண்ட்ரூ டிக்கர்சன் குழுவினர் 16 இனங்களைச் சேர்ந்த 33 விலங்குகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2012-இல் இதை வெளியிட்டார்கள். சுண்டெலி நொடிக்கு சுமார் 30 முறை, கரடி 4 முறை. நடுவில் இருக்கும் விலங்குகள் எல்லாம் உடல் அளவுக்கேற்ப வரிசையில் வந்து நிற்கின்றன.

சரி, சிலுப்பச் சொல்வது யார்? 2024-இல் ஹார்வர்டில் டேவிட் ஜின்டி ஆய்வகத்தினர் சுண்டெலிகளின் பிடரியில் எண்ணெய்த் துளிகளை விட்டுப் பார்த்தார்கள். ரோமத்தின் வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய தொடு நரம்பிழைகளில் ஒரு வகைதான் சேதி அனுப்புகிறது. அந்த வகை இல்லாத எலிகளிடம் சிலுப்பு கணிசமாகக் குறைந்தது. இதே வகை நரம்பிழைகள் மனிதத் தோலிலும் உண்டு. நம்மில் அவை மென்மையான வருடலை உணர்வதோடு தொடர்புடையவை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2016-இல் அமெரிக்க செனட்டர் ஒருவர் மக்கள் வரிப்பணத்தை வீணாக்கும் ஆராய்ச்சிகள் என்று ஒரு பட்டியல் போட்டபோது, இந்த ஈர நாய் ஆய்வும் அதில் இருந்தது. எனக்கு அதில் கடும் கோபம். செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலம் 2022 டிசம்பரில் ஓய்ந்துபோனது, சூரியத் தகடுகளில் தூசி படிந்து மின்சாரம் கிடைக்காமல். ஒரு பரப்பில் ஒட்டியதைக் குறைந்த ஆற்றலில் உதறித் தள்ளுவது எப்படி என்பது பொறியியலின் நிஜமான கேள்வி. அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாலூட்டிகள் விடை வைத்திருக்கின்றன. அதை அளந்து பார்ப்பது எப்படி வீணாகும்?

கடைசியாக, கூடாரம். நனைந்தவுடன் விடாதீர்கள். ஜாக்கெட்டோ மார்புப் பட்டையோ மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். இறுகிய பட்டை தோலை உடம்போடு அழுத்திப் பிடிக்கும். அந்த ஒன்பது மடங்கு லாபம் அங்கே கிடைக்காது. கழுத்துப்பட்டையும் கயிறும் போதும். பிறகு சில அடி தள்ளி நின்று இரண்டு மூன்று சிலுப்பு முடியும்வரை விடுங்கள். துண்டால் துடைக்கும்போது முதுகில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அங்கே நாயே வேலையை முடித்திருக்கும். வயிறு, அக்குள், கால்கள், விரலிடுக்கு: சுழற்சி சரியாக எட்டாத இடங்கள் இவை. தொங்கும் காதைப் புரட்டி உள்மடலையும் ஒற்றி எடுங்கள், ஈரம் தங்கினால் காதில் தொற்று வரும். குளிர்ந்த நீரில் நீந்திய மறுநாள் வால் துவண்டு தொங்கினால், அல்லது தொட்டால் வலித்தால், அது வால் தசை பிடித்துக்கொண்டதாக இருக்கலாம். காரில் கூண்டுக்குள் நெடுநேரம் அடைந்து கிடந்தாலும் இது வருவதுண்டு. அன்றைய நடையை விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் சில நாள் ஓய்விலேயே வால் மறுபடி நிமிர்ந்துவிடும்.