ஒரு கிலோ உப்பு உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது?

உணவு ஆலோசனைக்காக என்னிடம் வருவோரில் பலர், குறிப்பாக அறுபதைக் கடந்தவர்கள், எதைச் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கருஞ்சீரகமா, சியா விதையா, காலையில் வெந்நீரில் தேனா என்று ஒரு பட்டியலும் கையோடு வருகிறது. பெரும்பாலும் அது வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலாகவே இருக்கும். புதிதாக எதைச் சேர்க்கலாம் என்ற கேள்விக்கு முன்னால், நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டிருப்பது எது, எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். ஆயுளோடு தொடர்புடைய சான்றுகளில் வலுவானவை அபூர்வ உணவுகளைப் பற்றியவை அல்ல. உப்பு, சர்க்கரை, சோற்றின் அளவு, பருப்பு, காய் என்று, யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாதவற்றைப் பற்றியவை.

இதற்கு மறுப்பாக வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருவோர் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: "எங்கள் தாத்தா கேழ்வரகுக் கூழும் கருவாடும் சாப்பிட்டே தொண்ணூறு வயது இருந்தார்." அவர் இருந்தது உண்மைதான். அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஐந்து வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், வீட்டுப் பெரியவர்கள் தயங்கித் தயங்கி இரண்டு மூன்று பேரின் இழப்பைச் சொல்வார்கள். 1951இல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள்; இன்று அது ஏறத்தாழ 70. இந்த உயர்வில் பெரும்பங்கு தடுப்பூசிக்கும், சுத்தமான குடிநீருக்கும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கும், பாதுகாப்பான பிரசவத்துக்கும் உரியது. அன்று காலராவும் அம்மையும் காசநோயும் உயிரைப் பறித்தன. இன்று மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை அந்த இடத்தைப் பிடித்துள்ளன. இவை முப்பது நாற்பது ஆண்டுகள் தட்டிலிருந்தும் டம்ளரிலிருந்தும் மெல்ல வளர்பவை என்பதால், தாத்தாவின் ஆயுளை விடப் பேரனின் ஆயுளில் உணவுக்குப் பங்கு அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

நம் பகுதியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களிலும் வேலூர் நகரத்திலும் 1991–94இலும், பிறகு 2010–12இலும் ஆய்வு நடத்தினர். அந்த இடைவெளியில் நீரிழிவு நகரத்தில் ஏறத்தாழ இரு மடங்கும், கிராமத்தில் ஏறத்தாழ மும்மடங்கும் ஆகியிருந்தது. நீரிழிவு நகரத்தாரின் நோய் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும், 35.5 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருக்கின்றன.

மூன்றில் ஒருவருக்கு மேல் இரத்த அழுத்தம் இருக்கிறது என்றால், பேச்சு உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள், உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தேக்கரண்டிக் கணக்கு யாருடைய மனத்திலும் நிற்பதில்லை என்பதால் நான் வேறொரு கணக்கைச் சொல்கிறேன். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் குறைந்தது 50 நாட்களுக்கு வர வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். அடுத்த முறை வரும்போது, மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிட்டது என்பவர்களே அதிகம். இந்தக் கணக்கில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், பொட்டலத்தில் அடைத்த காரக்கடலை எதுவும் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் பொட்டலம் இன்னும் பல நாள் கூடுதலாக வந்திருக்க வேண்டும். கூழ் நல்ல உணவுதான். ஆடி மாதத்தில் அதற்குத் துணையாக வரும் கருவாட்டுக் குழம்பையும் மோர்மிளகாயையும் யாரும் உப்புக் கணக்கில் எழுதுவதில்லை. கல் உப்புக்கும் இந்துப்புக்கும் மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவையும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். அழுத்தத்தின் மீது அவற்றின் விளைவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை; அயோடின் சேர்க்கப்படாத வகையாக இருந்தால் இழப்புதான் மிச்சம்.

உப்பைக் குறைத்தால் உண்மையிலேயே ஆயுள் கூடுமா என்று துருவிக் கேட்பவர்களுக்குச் சீனத்தில் நடந்த ஆய்வைச் சொல்வேன். 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேர், பக்கவாதம் வந்தவர்கள் அல்லது அறுபது வயதைக் கடந்த உயர் அழுத்தக்காரர்கள், அதில் பங்கேற்றனர். பாதிக் கிராமங்கள் வழக்கமான உப்பையே தொடர்ந்தன; மீதிக்குக் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு தரப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் முடிவில், 2021இல் வெளியான கணக்கின்படி, மாற்று உப்பு பயன்படுத்தியோரிடம் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்திருந்தன. அன்றாடப் பழக்கம் ஒன்றை மாற்றி இறப்பையே அளந்து பார்த்த ஆய்வுகள் மிகச் சில. அவற்றில் இது முதன்மையானது. இந்த வகை உப்பு இப்போது நம் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் சில அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

அடுத்தது டீ. தேயிலையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. காபியும் டீயும் அளவோடு குடிப்போரிடம் இறப்பு சற்றுக் குறைவாக இருப்பதாகவே பல ஆய்வுகள் காட்டுகின்றன. நம் டீக்கடை டம்ளரில் விழும் இரண்டு கரண்டிச் சர்க்கரைதான் சிக்கல். டம்ளருக்குச் சுமார் 10 கிராம் என்று வைத்தால், பேருந்து நிலையத்தைச் சுற்றியோ, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளிலோ வேலை செய்பவர் நாளொன்றுக்கு ஐந்து டீ குடித்தால் 50 கிராம் ஆகிறது. ஆண்டுக்கு 18 கிலோவுக்கு மேல். கூட்டப்பட்ட சர்க்கரைக்கு நாளொன்றுக்கு 50 கிராமே உச்ச வரம்பு, 25க்குள் இருப்பது மேல் என்னும்போது, சாப்பாட்டில் கைவைப்பதற்கு முன்பே வரம்பு நிறைந்துவிடுகிறது. ஒரே நாளில் சர்க்கரையை நிறுத்தியவர்கள் பத்து நாளில் பழைய பழக்கத்துக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். "அரைச் சர்க்கரை" என்று சொல்லத் தொடங்கி இரண்டு மூன்று மாதங்களில் கால் கரண்டிக்கு வந்தவர்கள் அங்கேயே நிலைத்துவிடுகிறார்கள். இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கத்தையும் விட வேண்டும்; உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கிறது, ஒரு மணி நேரமாவது இடைவெளி தேவை.

சோற்றை விட்டுக் களிக்கு மாறினால் சர்க்கரை இறங்கிவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேழ்வரகில் கால்சியம் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் மாவுச்சத்து அரிசிக்கு ஏறக்குறைய நிகராகவே இருக்கிறது. நைசாக அரைத்த மாவில் நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். எனவே எந்தத் தானியம் என்பதை விட, தட்டில் அது எத்தனை பங்கு என்பதே பெரிய கேள்வி. ஒரு களி உருண்டைக்குக் கீரைக் கடைசலோ கொள்ளோ காராமணியோ தாராளமாக இருக்கட்டும். ஜவ்வாது மலைச் சாமையைச் சமைத்தாலும் இதே கணக்குதான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வந்ததைப் பெருமையாகப் பேசும் நாம், அதைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவிலேயே இன்னும் வைத்திருக்கிறோம். மாலையில் பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை (நிலக்கடலை), உப்பைக் குறைத்துப் போட்டு, மிக நல்ல மாற்று.

ஆம்பூர் பிரியாணியை விட்டுவிட வேண்டுமா என்று கேட்காதவர்களே இல்லை. மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பிடுவதால் ஆயுள் தேய்வதில்லை. திங்கள் முதல் சனி வரை என்ன நடக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன். மது விஷயத்தில் இந்தச் சலுகை இல்லை. கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பழைய கருத்து, நோயால் குடியை விட்டவர்களையும் குடிக்காதவர்கள் கணக்கில் சேர்த்ததால் பெருமளவு ஏற்பட்ட மயக்கம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே கூறிவிட்டது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரு கவலையும் உண்டு. கட்டுப்பாட்டை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றுபவர்கள் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களுக்குத்தான் அது தீங்காகவும் முடிகிறது. இரவில் இரண்டு பிஸ்கட், அரை டம்ளர் பால் என்று சுருக்கிக்கொண்டு, எடை குறைந்ததை நல்ல செய்தியாகச் சொல்லும் பாட்டிமாரை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த வயதில் குறைவது பெரும்பாலும் தசை. தசை குறைந்தால் கால் தடுமாறும், விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும், அதன்பின் படுக்கைதான். சிறுநீரகக் கோளாறு இல்லாத முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், அவருடைய இரவு உணவு எவ்வளவு பற்றாதது என்று வீட்டாருக்கே தெரியும். அவருக்கு எழுதித் தரும் தாளில் நீக்க வேண்டியவற்றை விடச் சேர்க்க வேண்டியவையே அதிகம்: காலையில் முட்டை அல்லது சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும், இரவில் பிஸ்கட்டுக்குப் பதிலாக இரண்டு இட்லியும் பருப்பு நிறையப் போட்ட சாம்பாரும்.