வழியில் போட்ட கட்டு எத்தனை தூரம் தாங்கும்?

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்கள் வழியில் சைக்கிள் பழுதுக்குத் தற்காலிகமாகப் போட்டுக்கொண்ட கட்டுகளைப் பிரிப்பது என் பட்டறை வேலையில் ஒரு பகுதி. சிலவற்றைப் பிரிக்கவே மனம் வராது, அத்தனை கெட்டிக்காரத்தனம். ஆனால் பெரிய செலவு வைக்கும் சேதங்களில் பல, முதலில் ஏற்பட்ட பழுதால் வந்தவை அல்ல. எப்படியோ ஒப்பேற்றிய பிறகு, "அதுதான் ஓடுகிறதே" என்று வாரக்கணக்கில் ஓட்டியதால் வந்தவை.

ஆகவே கருவிப் பையைத் திறக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். போடப்போகும் கட்டு பாதி வழியில் விட்டுப்போனால் சைக்கிள் நின்றுவிடுமா, உங்களைக் கீழே தள்ளுமா? நின்றுவிடும் என்றால் தாராளமாகக் கைவரிசையைக் காட்டலாம். தள்ளும் என்றால் இறங்கி நடக்க வேண்டியதுதான். 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பிரெவே எனும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில், நள்ளிரவுத் தூக்கக் கலக்கத்தில், இதை நிதானமாக யோசிக்க முடியாது. புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டயரில் தொடங்குகிறேன். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர்கள்கூட ஏன் பஞ்சரானது என்று தேடாமல் கிளம்பி, சற்று தூரத்தில் மறுபடி இறங்குகிறார்கள். டியூபைக் கழற்றும்போது வால்வு டயரின் எந்த எழுத்துக்கு நேரே இருந்தது என்று பார்த்து வையுங்கள். டியூபில் ஓட்டை உள்ள இடத்தைக் கொண்டு டயரில் முள் உள்ள இடத்தைப் பிடித்துவிடலாம். அருகருகே இரண்டு கீறல்கள் இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. ஓட்டை ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால், ரிம்மின் உட்பக்கத்தை மூடும் ரிம் டேப் விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

டயரின் பக்கச்சுவர் கிழிந்து டியூப் கொப்பளம்போல் வெளியே தள்ளினால், உள்ளே ஓர் அணைப்பு வைத்தாக வேண்டும். பலர் பழைய டியூபை வெட்டி வைக்கிறார்கள். ரப்பர் நீளும், காற்று ஏறியதும் அதுவும் சேர்ந்து பிதுங்கும். இங்கே வேண்டியது நீளாத பொருள். மடித்த பணத்தாள், பழச்சாறு அட்டைப் பெட்டியின் துண்டு, பற்பசைக் குழாயின் உறை எல்லாம் உதவும். இவை எல்லாவற்றையும்விட நல்லது, பழைய டயரின் பக்கச்சுவரிலிருந்து வெட்டி எடுத்த ஒரு சிறு துண்டு. எடையே இல்லாத அதை யாரும் பையில் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். அணைப்பு வைத்த டயர் முன்சக்கரத்தில் இருந்தால் பின்னுக்கு மாற்றிவிடுங்கள். பின் டயர் வெடித்தால் பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தால் அந்த அவகாசம் கிடைக்காது. காற்றையும் வழக்கத்தைவிடக் குறைத்தே அடியுங்கள்.

ஒட்டுவதற்கு எதுவுமே இல்லையா? ஓட்டை உள்ள இடத்தில் டியூபை மடக்கி இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டுக் காற்றடியுங்கள். சுற்றுக்கு ஒருமுறை சக்கரம் துள்ளும், ஆனால் போகும். டயருக்குள் புல்லைத் திணித்து ஓட்டுவதும் நடக்கிற காரியம்தான். நினைத்ததைவிடப் பல மடங்கு புல் தேவைப்படும். வளைவில் டயர் ரிம்மைவிட்டு நழுவும். அதனால் பின்சக்கரத்துக்கு மட்டும், மெதுவாக.

கேரியரின் போல்ட் உடைந்து பை தொங்கினால் தண்ணீர் பாட்டில் கூட்டைப் பாருங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் இரண்டுக்கும் ஒரே 5 மில்லிமீட்டர் மரைதான். ஒன்றைக் கழற்றி அங்கே போட்டுவிடலாம். ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மிலும் பல வண்டிகளில் அதே மரைதான் இருக்கிறது. பொருந்துகிறதே என்று அங்கே மாட்டிவிடாதீர்கள். பாட்டில் கூட்டின் போல்ட் அந்தப் பளுவுக்காகச் செய்யப்பட்டதல்ல. சிலவற்றில் அது வெறும் அலுமினியம்.

கியர் கேபிள் அறுந்தால் செயின் பெரும்பாலும் பின்னாலுள்ள மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு வந்துவிடும், மேட்டில் மிதிக்க முடியாது. பின்சக்கரத்தருகே செயினை நகர்த்தும் கியர் மாற்றியில் உள்ள எல்லைத் திருகை உள்ளே திருகினால் ஒன்றிரண்டு பல்சக்கரம் மேலே நிறுத்தலாம். கியர் மாற்றியே உடைந்துவிட்டால் செயினைச் சுருக்கி ஒற்றைக் கியராக ஓட்டலாம். முன்னும் பின்னும் நேர்கோட்டில் இருக்கும் பல்சக்கரங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். ஸ்போக் அறுந்தால் அதைப் பக்கத்து ஸ்போக்கில் சுற்றிவிட்டு, ரிம் உரசாத அளவுக்குப் பிரேக்கைத் தளர்த்திக்கொள்ளுங்கள். தளர்த்திய பிரேக் பலமாகப் பிடிக்காது.

பிரேக்கில் ஒரேயொரு தந்திரத்தைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். முன் பிரேக் கேபிள் அறுந்தால் பின் பிரேக்கின் உள்கம்பியை உருவி முன்னால் போடலாம். பின்கம்பி நீளமானது, போதும். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்சக்கரத்தில் இருப்பதால் இந்த மாற்றம் லாபமே. கியர் கேபிளைப் பிரேக்கில் போடுவது வேறு கதை. அது மெல்லியது, தலையின் வடிவமும் வேறு. இறுக்கிப் பிடித்த முதல் அவசரத்திலேயே அது உருவிக்கொண்டு வந்துவிடக்கூடும். ஒரு பிரேக் மட்டும் இருக்கும்போது செங்குத்தான இறக்கத்தில் ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு இறங்குங்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலோ ஹேண்டில்பாரிலோ விரிசல் கண்டால் டேப் சுற்றிச் சமாளிக்கப் பார்க்கவே வேண்டாம். 1913ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸில், டூர்மலே கணவாயில் இறங்கும்போது யூஜின் கிறிஸ்டோஃபின் ஃபோர்க் உடைந்தது. வெளியார் உதவி கூடாது என்பது போட்டி விதி. அவர் சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு கொல்லுப்பட்டறையை அடைந்து, உலையில் வைத்துத் தானே சரிசெய்தார். துருத்தி ஊதிக் கொடுத்த சிறுவனுக்காக அவருக்கு அபராத நேரம் விதித்தார்கள் என்று இந்தக் கதையை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். என் கண்ணில் படுவது வேறு: போட்டியின் நடுவிலும் அந்த மனிதர் ஃபோர்க்கைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கவில்லை.

தளர்ந்த கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, இன்னொரு வகை. அது பெரும்பாலும் ஆளைத் தள்ளாது, ஆனால் சத்தமில்லாமல் தன்னையே அழித்துக்கொள்ளும். சதுர முனை அச்சு உள்ள வண்டிகளில் அச்சு எஃகு, கிராங்க் அலுமினியம். ஆட்டத்தோடு மிதித்தால் அலுமினியத்தின் சதுரத் துளை வட்டமாகிவிடும், பிறகு எத்தனை இறுக்கினாலும் நிற்காது. வழியில் இறுக்கிய கிராங்க் மறுபடி தளர்ந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறுக்கும் சாவியைத் திருப்பும் ஒரு நிமிடம் புதிய கிராங்க் வாங்குவதை மிச்சப்படுத்தியிருக்கும் என்று நான் சொல்ல நேர்ந்தவர்கள் நிறையப் பேர்.

பட்டறைக்கு வந்ததும் வழியில் என்ன செய்தீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஹேண்டில்பாரில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி எழுதி வைத்தால் இன்னும் நல்லது. ஊர் திரும்பியதும் பாதிப் பேருக்கு மறந்துவிடுகிறது. உடைந்த துண்டை வீசிவிடாமல் கொண்டுவாருங்கள். ஸ்போக் வளைவில் அறுந்திருந்தால் அது நாள்பட்ட சோர்வு. அந்தச் சக்கரத்தின் மற்ற ஸ்போக்குகளின் இழுவிசையையும் நான் பார்க்க வேண்டியிருக்கும். நடுவில் அறுந்திருந்தால் ஏதோ இடித்திருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவேன்.