அதிமதுரமும் ஏறிய இரத்த அழுத்தமும்

ஒரே மாத்திரையில் பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் இருந்த இரத்த அழுத்தம் 170-ஐத் தொட்டிருந்த நிலையில், மாடிப்படி ஏறத் தொடையில் வலுவே இல்லை என்று சொல்லிக்கொண்டு அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வந்தார். குறைந்தது 3.5 இருக்கவேண்டிய பொட்டாசியம் அவருக்கு 2.8 தான் இருந்தது. வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று இரண்டு முறை கேட்டும் இல்லை என்றவர், வீட்டில் காய்ச்சிக் குடிப்பவற்றைப் பற்றிக் கேட்டபோதுதான், "தொண்டைக்கு அதிமதுரப் பொடி மட்டும் பாலில் கலந்து குடிக்கிறேன் டாக்டர், இரண்டு மாதமாக" என்றார். நாட்டு மருந்துக் கடையில் வாங்குவதை மருந்துக் கணக்கில் சேர்க்காதவர்கள் பலர். நாங்களும் அதைத் தனியே கேட்கத் தவறிவிடுகிறோம்.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருவது கிளைசிரைசின் என்னும் பொருள். குடலில் அது கிளைசிரெட்டினிக் அமிலமாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. சோடியத்தைத் தக்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றுமாறு சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது அல்டோஸ்டிரோன் ஹார்மோன். ஆனால் அதைவிடப் பன்மடங்கு அதிகமாக இரத்தத்தில் ஓடும் கார்டிசால் என்னும் ஹார்மோனும், சிறுநீரகச் செல்களில் அல்டோஸ்டிரோன் வந்து பொருந்தும் அதே ஏற்பியில் பொருந்தக்கூடியது என்பதால், கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றும் நொதி ஒன்று அங்கே காவல் இருக்கிறது. அதிமதுரம் முடக்குவது இந்தக் காவலைத்தான். அதனால் பரிசோதனையில் அல்டோஸ்டிரோனைத் தூண்டும் ரெனினும் அல்டோஸ்டிரோனும் குறைவாக இருக்கையிலேயே, அல்டோஸ்டிரோன் மிகுந்துவிட்டதைப் போல உப்பும் நீரும் தேங்கி, அழுத்தம் ஏறி, தசை தளர்ந்து, சிலருக்கு இதயத் துடிப்பும் தடம் மாறுகிறது. 1946-இலேயே நெதர்லாந்து மருத்துவர் ரீவர்ஸ், வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உடல் வீங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்.

நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசின் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2003-இல் வகுத்த மேல்வரம்பு. வேரில் அது 5 விழுக்காடு என்று கொண்டாலே 2 கிராம் பொடியில் அந்த வரம்பு வந்துவிடும். இருமலுக்கு இரண்டொரு நாள் சுவைப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. மாதக்கணக்கில் தொடர்வதே என் கவலை. இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ உள்ளவர்களும், சிறுநீர் பெருக்கி அல்லது இதயத்துக்கான டிகாக்சின் மாத்திரை எடுப்பவர்களும், கருவுற்ற பெண்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது.

அந்த அம்மையார் பொடியை அன்றே நிறுத்தினார், பொட்டாசியமும் கொடுத்தோம். நிறுத்திய பின்னும் நொதி மீள இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால் மாத்திரையின் அளவைக் கூட்டாமல் காத்திருந்தோம். மூன்றாம் வாரம் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.